சலாபம் இல்லாத வருஷங்கள்

மாப்பிள்ளையூரணியில் என் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை இருக்கிறது. மனைக்காரர் வெளியூரில் இருப்பதால் அது தெருப் பிள்ளைகளின் சொத்தாகிவிட்டது. ஓர் ஓரத்தில் இரும்புக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் பலகையும் வளையமும் மாட்டியிருக்கிறார்கள். வளையத்தில் வலை கிடையாது. உப்பளத்துக் காற்று வலையைத் தின்று முடித்துவிட்டு இப்போது வளையத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கிருந்து 'தொம், தொம்' என்று பந்துச் சத்தம் கிளம்பும். அதுதான் எனக்குக் கடிகாரம்.

2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டுப் பையன் பந்தின்மேல் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"என்னல, இன்னைக்கு ஆட்டம் இல்லையா?" என்றேன்.

"இந்தியா மூணு ஆட்டத்திலயும் தோத்துட்டு, தாத்தா."

சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் கூடைப்பந்துக்கான ஆசியக் கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஜோர்டானோடு நம்மவர்கள் மிகை நேரம் வரை இழுத்துப் பிடித்துத் தோற்றார்கள். சீனாவிடமும் சவூதியிடமும் தோற்றார்கள். பையன் அத்தோடு விடவில்லை.

"2017-லயும் எல்லா ஆட்டமும் தோல்வி. 2022-லயும் எல்லாம் தோல்வி. தோக்கதுக்குன்னே எதுக்கு தாத்தா அவ்வளவு தூரம் போகணும்? பேசாம வீட்ல இருக்கலாம்லா?"

கேட்டவனுக்குப் பதினான்கு வயது. கேள்விக்கு அதைவிட வயது அதிகம். அன்றைக்கு நான் பதில் சொல்லாமல், "போய்ப் படி" என்று விரட்டிவிட்டேன். பதில் தெரியாத பெரியவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம் அது. ஆனால் ராத்திரி படுத்த பிறகு கேள்வி என்னை விரட்ட ஆரம்பித்துவிட்டது.

மனிதர்கள் ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்த தேதி கிடையாது. சடுகுடுவையும் கிட்டிப்புள்ளையும் முதலில் ஆடியவர் யார் என்று யாரால் சொல்ல முடியும்? கூடைப்பந்து அப்படியல்ல. அதற்கு ஜாதகமே எழுதலாம். 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கம் நடத்திய பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. கொட்டகைக்குள் அடைபட்ட மாணவர்கள் தேகப் பயிற்சி செய்து சலித்துப்போய் முரண்டு பிடித்தார்கள். அவர்களை அடக்க ஏதாவது ஓர் ஆட்டம் கண்டுபிடிக்கும்படி ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியருக்கு உத்தரவாயிற்று. அவர் 13 விதிகள் எழுதினார். பந்து விழுவதற்குச் சதுரப் பெட்டிகள் இரண்டு வேண்டும் என்று காவற்காரரைக் கேட்டார். பெட்டி இல்லை, பீச்சுப்பழக் கூடைகள்தான் இருக்கின்றன என்றார் அவர். அந்தக் காவற்காரர் மட்டும் கொஞ்சம் தேடிப் பார்த்திருந்தால் இன்று உலகமெல்லாம் 'பெட்டிப்பந்து' ஆடிக்கொண்டிருக்கும்!

கூடைகளை மாடிக் கைப்பிடியில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில் அறைந்தார்கள். இன்றும் வளையத்தின் உயரம் 10 அடிதான். பக்கத்துக்கு 9 பேராக 18 பேர் ஆடினார்கள். அன்றைய ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் பந்து கூடையில் விழுந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விசேஷம் உண்டு. அந்த 18 பேரில் இஷிகாவா என்ற ஜப்பானிய மாணவரும் ஒருவர். முதல் நாள், முதல் ஆட்டத்திலேயே ஆசியா களத்தில் நின்றிருக்கிறது. நாம் பிந்தி வந்த விருந்தாளிகள் அல்ல.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆட்டம் சுற்றி வளைத்து வரவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-ஆம் ஆண்டில் உடற்கல்விப் பயிற்சிக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகத்தில் இருக்கும் வாலிபர் சங்க உடற்கல்விக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய வீரர்களுடன் பக்கும் போனார். அவருடைய கல்லூரியில் தேறியவர்கள் ஊர் ஊராகப் போய் 'டிரில் மாஸ்டர்' ஆனார்கள். கழுத்தில் விசில் தொங்க, வெயிலில் நின்று நம்மை விரட்டினாரே, அந்த டிரில் மாஸ்டர்கள் பலருடைய வம்சாவளியைத் தேடிப் போனால் அது நந்தனம் வழியாக அந்தப் பழக்கூடையில் போய் முடியும்.

1934-இல் தேசியப் போட்டி தொடங்கியது. 1950-இல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஏற்பட்டது. அந்த 1950-இலேதான், நாடுகளின் அணிகள் மோதும் முதல் உலகச் சாம்பியன் போட்டியும் தென்னமெரிக்காவில் போனஸ் அயர்ஸ் நகரில் நடந்தது.

அதற்கு முன் இந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் இடம் பிடித்த கதையையும் சொல்லிவிட வேண்டும். 1936-இல் பெர்லினில் அது அரங்கேறியது. இப்போதுபோல் பளபளக்கும் மரத்தரை அல்ல. திறந்த வெளியில், களிமண்ணும் மணலுமான டென்னிஸ் மைதானம். இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டியது. சேற்றில் பந்தைத் தட்டினால் பந்து எழும்பவே மாட்டேன் என்றது. அமெரிக்கா 19, கனடா 8. இன்றைக்கு ஒரு பள்ளிக்கூட அணிகூட அவ்வளவு குறைவாக எடுத்தால் வெட்கப்படும். அதைப் பார்க்க 74 வயதுக் கிழவராக நெய்ஸ்மித்தும் வந்திருந்தார். எதிர் மனையின் மணலைக் குறை சொல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் நான் சொல்வது.

சரி, போனஸ் அயர்ஸுக்கு வருவோம். பத்து நாடுகள் வந்தன. இறுதியில் அர்ஜெண்டினா, ஆட்டத்தைப் பெற்ற அமெரிக்காவையே 64-50 என்று வென்றது. ஊரே கொண்டாடியது. பிறகு என்ன ஆயிற்று? 1955-இல் அந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது. பழைய அரசாங்கம் வீரர்களுக்கு மோட்டார் கார் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்ததைப் புதியவர்கள் தோண்டி எடுத்தார்கள். 'நீங்கள் காசுக்கு ஆடியவர்கள்' என்று சொல்லி, 1957-இல் உலகச் சாம்பியன்களையே ஆடக் கூடாதென்று தடை செய்துவிட்டார்கள். வெற்றி கொடுத்த வாழ்வு ஏழு வருஷம்!

1959-இல் சிலி நாட்டில் நடந்த போட்டி இன்னும் விசித்திரம். மைதானத்தில் சோவியத் அணியை யாராலும் அசைக்க முடியவில்லை. ஆனால் தைவான் அணியோடு ஆட மாட்டோம் என்று அரசியல் காரணத்தால் மறுத்தார்கள். பட்டம் போயிற்று, பிரேசில் சாம்பியன் ஆனது. அடுத்த போட்டியை மணிலாவில் நடத்துவதாக ஏற்பாடு. கம்யூனிஸ்டு நாட்டு வீரர்களுக்கு நுழைவு அனுமதி தர மாட்டோம் என்றது பிலிப்பைன்ஸ் அரசு. போட்டியே கையைவிட்டுப் போய், 1963-இல் ரியோ டி ஜனேரோவில் நடந்தது.

வெற்றி என்பது நாம் நினைக்கிற அளவுக்குக் கெட்டியான பொருள் அல்ல என்று இந்தக் கதைகள் சொல்கின்றன. அதனால் தோல்வி நல்லது என்று ஆகிவிடுமா? பதினான்கு வயதுப் பையனிடம் அப்படிச் சொன்னால் அவன் சிரிப்பான், சிரிக்கவும் வேண்டும். நம் கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடலாம்.

ஆண்களின் உலகக் கோப்பையில் இந்தியா இதுவரை ஒரு தடவைகூட ஆடியதில்லை. ஆசியாவில் மேலே வந்தால்தான் அந்த வாசல் திறக்கும். ஆசியச் சாம்பியன் போட்டி 1960-இல் மணிலாவில் தொடங்கியது. நாம் 1965-இல் குவாலாலம்பூரில் முதல் தடவையாக அதில் இறங்கினோம். பத்து வருஷம் கழித்து, 1975-இல் பாங்காக்கில் நான்காவது இடம். சீனா, ஜப்பான், தென்கொரியா, அடுத்தது இந்தியா! முந்தைய போட்டியின் சாம்பியனான பிலிப்பைன்ஸ் நமக்குக் கீழே நின்றது. அதற்குமேல் நாம் இன்றுவரை ஏறவில்லை.

1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போனோம். ஆசியாவில் நமக்கு மேலிருந்தவர்களெல்லாம் அரசியல் காரணமாக அந்த ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்ததால் கிடைத்த இடம் அது. ஆடிய 7 ஆட்டங்களிலும் தோல்வி. 12 அணிகளில் 12-ஆவது. மறு வருஷம் ஆசியப் போட்டியைக் கல்கத்தாவிலேயே நடத்தினோம். கோப்பையைச் சீனா எடுத்துப் போயிற்று.

உயரம் போதாது என்று ஒரு சமாதானம் சொல்வதுண்டு. நம்மைவிட உயரமில்லாத பிலிப்பைன்ஸ்காரர்கள் 1954-இல் உலகத்திலேயே மூன்றாவது இடம் பெற்றார்கள். ஆகவே அந்தச் சமாதானம் செல்லாது. அங்கே தெருவுக்குத் தெரு வளையம் தொங்குகிறது. இங்கே பெரும்பாலும் பள்ளிக்கூடத்தோடு வந்து, பள்ளிக்கூடத்தோடு போய்விடுகிறது. அதுதான் வித்தியாசம்.

இவ்வளவும் யோசித்த பிறகு என் மனசு வேறொரு பக்கம் திரும்பியது. எங்கள் ஊர்க் கடல் பக்கம்.

தூத்துக்குடிக் கடலுக்குள் பாறைத் திட்டுகள் உண்டு, 'பார்' என்போம். முத்துச்சிப்பி அங்கேதான் விளையும். ஆனால் வருஷந்தோறும் விளையாது. சில வருஷம் கொத்துக் கொத்தாக இருக்கும். பிறகு காரணம் தெரியாமல் மறைந்துபோகும். சிப்பி முதிர்ந்திருப்பதைப் பரிசோதித்து அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்துவதற்குச் சலாபம் என்று பெயர். ஒரு சலாபத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் வறண்டு கிடந்ததும் உண்டு. 1955-இல் தொடங்கி 1961 வரை சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை.

அந்தக் கடைசிச் சலாபத்தின்போது எனக்கு எட்டு வயது. கரையில் சிப்பிகளைக் குவித்து ஆயிரக் கணக்கில் ஏலம் போடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று கேட்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. வாங்கியவர்கள் அழுகப்போட்டுக் கழுவித் தேடுவார்கள். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. குளிப்பவர் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தோணியில் நின்று பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விட மாட்டானாம்! மாப்பிள்ளைக்கு இப்படியும் ஒரு மரியாதை.

எங்கள் தெருவில் ஒரு குளியாள் தாத்தா இருந்தார். அவர் சலாபத்தில் குளித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற வருஷங்களிலெல்லாம் சங்கு குளித்தார். வங்காளத்துக் கல்யாணப் பெண்கள் அணியும் வளைக்கு இங்கிருந்துதான் சங்கு போகும். முத்தோடு பார்த்தால் சங்குக்குக் கிடைக்கும் கூலி அற்பம். "முத்துக் கிடைக்காதபோது எதற்குத் தாத்தா கடலில் இறங்கணும்?" என்று சின்ன வயசில் நானே அவரைக் கேட்டிருக்கிறேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"சலாபம் வந்த பொறகா மூச்சடக்கப் படிக்க முடியும்?"

அறுபது வருஷத்துக்கு மேலாக மறந்து கிடந்த அந்த வாக்கியம், பையன் கேள்வி கேட்ட ராத்திரியில்தான் எனக்கு மறுபடி கிடைத்தது.

வங்கியிலும் ரயில்வேயிலும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலும் ஒரு வேலையை வாங்கிக்கொண்டு, விடிகாலையிலும் சாயங்காலத்திலும் பந்து தட்டிய எத்தனையோ பேரை நம் நாடு அறியாது. அவர்கள் ஆடியது சங்குக் குளிப்பு. அவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தால், மூச்சடக்கும் வித்தையே நம்மிடம் இருந்திருக்காது. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில், சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே இந்தியா 65-58 என்று வென்றது. அதற்குமுன் சீனாவை நாம் வென்றதே இல்லை. அந்த ஒரு முத்துக்காக எத்தனை ஆயிரம் சிப்பி அழுகியது என்று கணக்குப் பார்த்தால் வியாபாரி நஷ்டம் என்பான். குளியாள் அப்படிச் சொல்ல மாட்டான்.

ஜெட்டாவில் தோற்ற அணியில் தமிழ்நாட்டு வீரர் முயின் பெக் ஹபீஸும் ஆடினார். ஜோர்டானை மிகை நேரத்துக்கு இழுத்த அந்த ஆட்டத்தை வெறும் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆழம் அளந்து பார்த்துவிட்டு மேலே வந்திருக்கிறார்கள்.

மறுநாள் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். பெர்லின் சேறும் பழக்கூடையும் அவனுக்குப் பிடித்தன. குளியாள் தாத்தா சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

"அப்போ அடுத்த சலாபம் எப்போ, தாத்தா?"

"அது பாருக்குத்தான் தெரியும்."

"சரி, அதுவரைக்கும் ஒரு வலையாவது வாங்கித் தாங்களேன்."

வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை; உப்புக் காற்று அதன் ஓரத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. தீபாவளிக்குள் இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும்.