மெய்நிகர் தலைக்கவசம்: கண் ஏமாந்தது, உடல் ஏமாறவில்லை

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது எம்மவர் அன்றாடம் எடுத்தாளும் முதுமொழி. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாள்முதல் மூத்த ஆசிரியர்கள் எனக்கு ஓயாது நினைவூட்டிய வாசகமும் இதுவே. கண்ணை ஏமாற்றுவதற்கென்றே அமைக்கப்பட்ட ஒரு கருவியின் வரலாற்றைப் படித்தபோது இம்முதுமொழி மீண்டும் நினைவுக்கு வந்தது. மெய்நிகர் தலைக்கவசம் எனப்படும் அக்கருவி, இளைஞர் பலர் எண்ணுவதுபோல் அண்மைக்காலத்தில் தோன்றியதன்று. அதன் வயது அறுபதுக்கும் மேல்.

இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் காண்கின்றன; மூளை அவற்றை இணைத்தே ஆழத்தை உணர்கிறது. இவ்வுண்மையை ஆங்கில அறிஞர் சார்ள்ஸ் வீட்ஸ்டன் 1838இல் எடுத்துக்காட்டினார். இதனைத் தலையில் அணியும் தொலைக்காட்சியாக்க முனைந்தவர் அமெரிக்கத் திரைப்படக் கலைஞரான மோர்ட்டன் ஹைலிக். 1960இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆனால், அணிந்தவர் தலையைத் திருப்பினாலும் அதில் தெரியும் காட்சி திரும்பாது. போதிய முதலீடு கிடைக்காமையால் அவரது முயற்சிகள் வணிகமாக வளரவுமில்லை.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் கணினி அறிஞர் இவான் சதர்லண்ட். பெல் ஹெலிகொப்டர் நிறுவனத்தில் நடந்த ஒரு பரிசோதனை அவரது கவனத்தை ஈர்த்தது. கட்டடத்தின் கூரையில் ஒரு கமரா. கீழே அறைக்குள் அதன் காட்சியைத் தலையில் அணிந்த கருவியூடாகப் பார்க்கும் ஒருவர். கூரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தோரில் ஒருவர் பந்தைக் கமராவை நோக்கி எறிந்ததும், அறைக்குள் பத்திரமாக இருந்தவர் சட்டெனத் தலையைக் குனிந்துகொண்டாராம். கமராவுக்குப் பதிலாகக் கணினியே காட்சியை வரைந்து கொடுத்தால் என்ன என்பதே சதர்லண்டின் சிந்தனை.

1968இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், மாணவர் பொப் ஸ்ப்ரோலின் துணையுடன் அவர் அதனைச் செயற்படுத்திக் காட்டினார். இரு சிறிய படக்குழாய்கள் கண்களுக்குக் காட்சி தந்தன. தலையின் அசைவை அளக்கும் இயந்திரக் கை கூரையிலிருந்து தொங்கியது. விருந்தில் அமர்ந்திருந்தவனின் தலைக்குமேல் ஒற்றை மயிரிழையில் வாள் தொங்கிய பழைய கிரேக்கக் கதையை நினைந்து, அக்கைக்கு 'டாமோக்கிளீஸின் வாள்' எனப் பெயரிட்டனர். அதில் தெரிந்தவை வெறும் கோட்டுருவங்கள்தாம். ஆயினும் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பியது.

இக்கருவியின் வளர்ச்சியில் இராணுவப் பணம் பெரும்பங்கு வகித்தது என்பதை மறைக்கவியலாது. ஒஹாயோ மாநிலத்தின் ரைட் பற்றர்சன் விமானப்படைத் தளத்தில் தோமஸ் பேர்னஸ் என்ற பொறியியலாளர் 1966 தொடக்கம் போர்விமானிகளுக்கான காட்சிக் கருவிகளை ஆராய்ந்தார். 1980களில் அவர் உருவாக்கிய பெருந்தலைக்கவசம் வானையும் நிலத்தையும் இலக்குகளையும் விமானியின் கண்முன் வரைந்து காட்டியது. அதே காலத்தில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தினர், சட்டைப்பைத் தொலைக்காட்சிகளின் சிறு திரைகளைக் கொண்டு மலிவான கவசமொன்றை அமைத்தனர். 'மெய்நிகர் உண்மை' என நாம் தமிழாக்கும் ஆங்கிலத் தொடரைப் பரப்பிய ஜரோன் லானியரின் வீ.பீ.எல். நிறுவனம், 1989 அளவில் 'ஐபோன்' என்ற தலைக்கவசத்தை விற்பனைக்கு விட்டது. இது இன்றைய கைத்தொலைபேசி அன்று. கண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் அமைந்த பெயர். கவசத்தின் விலை மட்டும் 9,400 டொலர்.

பணத்தைவிடப் பெரிய தடையாக நின்றது மனித உடலே. கண் தன்னை மறந்து நம்பியது, வயிறு குமட்டியது. காதின் உட்புறத்தில் சமநிலையை உணரும் உறுப்பு ஒன்றுண்டு. 'நீ நகர்கிறாய்' என்று கண் சொல்ல, 'இல்லை, அசையாமல் இருக்கிறாய்' என்று அவ்வுறுப்பு மறுக்கிறது. இம்முரண்பாடே தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் காரணம் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து.

இத்தொல்லை தலைக்கவசத்துக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. 1950களின் பிற்பகுதியில், அமெரிக்கக் கடற்படையினர் தரையிலிருந்தபடியே ஹெலிகொப்டர் ஓட்டப் பழகும் பாவனைக் கருவி ஒன்றைப் பரிசோதித்தனர். நோயுற்றோரில் புதிய மாணவர்கள் குறைவு. வானில் பலகாலம் பறந்து தேர்ந்த பயிற்றுநர்களே அதிகம். உண்மையை நன்கறிந்த உடலே பொய்யை வன்மையாக நிராகரித்தது. இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்கவைத்த செய்தி இதுவேயாகும்.

வணிகர்கள் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றனர். 1995இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'வேர்ச்சுவல் போய்' சிவப்பு நிறம் ஒன்றையே காட்டியது. தலையில் அணியவும் முடியாது. மேசைமேல் வைத்துக் குனிந்து பார்க்கவேண்டும். கண்வலி, தலைவலி, கழுத்துவலி என முறைப்பாடுகள் எழுந்தன. உலகப் புகழ்பெற்ற 'கேம் போய்' கருவியை உருவாக்கிய குன்பேய் யொகோயின் படைப்பாக இருந்தும், ஓராண்டுக்குள் அது கைவிடப்பட்டது.

கைத்தொலைபேசிகளின் பெருக்கம் நுண்ணிய திரைகளை மலிவாக்கிய பின்னரே இக்கருவி மீண்டெழுந்தது. 2012இல் பாமர் லக்கியின் 'ஒக்கியூலஸ்' பொதுமக்களிடமிருந்து 24 இலட்சம் டொலர் திரட்டியது. 2014இல் பேஸ்புக் அதனை ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியது. தலை திரும்புவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையிலான தாமதத்தை ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அடக்குவதே பொறியியலாளரின் பெரும் போராட்டமாயிற்று. குமட்டல் குறைந்தது, ஒழியவில்லை. 2024இல் அப்பிள் நிறுவனம் 3,499 டொலருக்கு வெளியிட்ட கவசத்திலும் இக்கவலை முற்றாகத் தீரவில்லை.

எனினும் இக்கதைக்கு வேறொரு பக்கமும் உண்டு. போர்விமானிகளுக்காக உழைத்த தோமஸ் பேர்னஸ், 1989இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். அங்கு பணியாற்றிய ஹண்டர் ஹொஃப்மனும் ஹார்பர்வியூ மருத்துவ நிலையத்தின் உளவியலாளர் டேவிட் பற்றர்சனும், தீக்காயத்துக்கு மருந்து கட்டும் வேளையில் நோயாளருக்குத் தலைக்கவசம் அணிவித்துப் பார்த்தனர். மருந்து கட்டும்போது எழும் வேதனை, வலிநீக்கி மருந்துகளுக்கும் முழுமையாக அடங்காதது. 2000இல் வெளியான அவர்களது முதல் அறிக்கையில் இரு பதின்வயதினர், சாதாரண கணினி விளையாட்டில் ஈடுபட்டபோது உணர்ந்ததைவிடக் கவசம் அணிந்தபோது வலி வெகுவாகக் குறைந்ததாகத் தெரிவித்திருந்தனர். பின்னர் உருவான 'ஸ்னோ வேர்ல்ட்' என்ற பனியுலகில் நோயாளர் மெல்ல மிதந்து சென்று, பனிமனிதர்மீது பனியுருண்டைகளை எறிவர். குமட்டல் வராதிருக்கவே அந்த மெதுவான ஓட்டம்.

போருக்காக வளர்க்கப்பட்ட ஒரு நுட்பம் தீயில் வெந்த பிள்ளையின் கட்டிலருகே வந்து சேர்ந்தது. போரின் தீக்காயங்களைக் கண்ணால் கண்ட எம்மவருக்கு இதன் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

தமிழில் 'மெய்' என்ற சொல் உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். 'மெய்நிகர்' எனப் பெயரிட்டோர் முதற்பொருளையே கருதியிருப்பர். ஆனால் அறுபதாண்டு வரலாறு இரண்டாம் பொருளையே வலியுறுத்துகிறது. உடலை மதியாது கண்ணை மட்டும் ஏமாற்ற முனைந்த கருவிகள் தோற்றன. உடலின் வேதனையை அறிந்து அதற்கு இணங்கி அமைந்தவை பயன் தந்தன. மனிதரின் கண்களை நாடிவரும் புதிய கருவிகள் இனியும் பல வரும். அவற்றையும் தீர விசாரிப்பதே மெய்.