துப்பாக்கியும் இடிகோலும்

தேர் ஓடுவதைக் காண்போர் பலர். அச்சாணியைக் காண்போர் சிலர். வரலாறு பயில்வோரிடத்தும் இக்குறை உண்டு. பேரரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அக்காலத்து மாந்தர் கையில் இருந்த சிறு கருவிகளைப் பற்றிப் பேசுவதில்லை. அத்தகைய கருவி ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

வாய்வழியாக மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியின் குழலுக்கு அடியில் மெல்லிய கோல் ஒன்று செருகப்பட்டிருக்கும். மருந்தையும் குண்டையும் இடித்து இறுக்குவது அதன் பணி. ஆதலின் அதனை ஈண்டு இடிகோல் என வழங்குவோம். வட அமெரிக்காவில் விலங்குத் தோல்களுக்கு மாற்றாக விற்கப்பட்ட வாணிகத் துப்பாக்கியில் அக்கோல் பெற்றிருந்த இடம் யாது என்பதை நோக்குவோம்.

வாணிகத் துப்பாக்கி

1670ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அளித்த சாசனத்தால் ஹட்சன் பே கம்பெனி தோன்றியது. இன்றைய கனடாவின் வடபால் உள்ள ஹட்சன் விரிகுடாவின் கரையில் அது கோட்டைகளை அமைத்தது. கிரீ முதலிய பழங்குடி மக்கள் பீவர் என்னும் விலங்கின் தோல்களைப் படகுகளில் கொணர்ந்து, கம்பளியும் கோடரியும் கொப்பரையும் துப்பாக்கியும் பெற்றுச் சென்றனர்.

இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்த இத்துப்பாக்கிகள் நாளடைவில் தமக்கெனத் தனி வடிவம் பெற்று, வடமேற்குத் துப்பாக்கி என்று பெயர் பெற்றன. குழல் மெல்லியது, அடிப்பகுதி எட்டுப் பட்டையாகவும் மேற்பகுதி உருண்டையாகவும் இருக்கும். குழலின் நீளம் பெரும்பாலும் 3 அடி முதல் 4 அடி வரை. இடப்பக்கத்தில் பாம்பு வடிவப் பித்தளைத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். கையுறை அணிந்த விரலும் நுழையுமாறு விசையின் காப்பு வளையம் அகலமாக இருக்கும்.

துப்பாக்கியை நிறுத்தி அதன் உயரத்திற்குத் தோல்களை அடுக்கிக் கொடுத்தால்தான் வணிகர் அதனை விற்றனர் என்று ஒரு கதை வழங்குகிறது. அது மெய்யன்று. 18ஆம் நூற்றாண்டில் ஒரு துப்பாக்கியின் விலை, இடத்தையும் நீளத்தையும் பொறுத்து, ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு பீவர் தோல்களே.

வாங்கியவர்கள் ஏதும் அறியாதார் எனக் கருதுவதும் பிழை. கோட்டை அதிகாரியாகிய ஜேம்ஸ் ஐஷாம் 1743இல் எழுதிய குறிப்புகளில், பழங்குடித் தலைவர்கள் வணிகரிடம் வைத்த வேண்டுகோள் காணப்படுகிறது. துப்பாக்கி கனமின்றிக் கைக்கு அடக்கமாக இருத்தல் வேண்டும், அதன் விசைப்பொறி குளிர்காலத்தில் உறைந்து போகலாகாது என்பன அவர்தம் கோரிக்கைகள். கருவியின் குணங்குறை அறிந்து கேட்டவர்கள் அவர்கள்.

கோலின் பணி

முதலில் அளவான வெடிமருந்தைக் குழலில் கொட்டுவர். அதன்மேல் ஓர் அடைப்பு, அதன்மேல் ஈயக்குண்டு, குண்டு உருண்டு விழாதிருக்க மீண்டும் ஓர் அடைப்பு. இவை யாவும் குழலின் அடிவரை சென்று ஒன்றோடொன்று நெருங்கி அமைதல் வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருப்பின் குழலே வெடித்துச் சுட்டவனுக்குக் கேடு விளைக்கலாம்.

இடிகோல் அளவுகோலும் ஆகும். வெறுங்குழலில் விட்டால் கோல் எதுவரை இறங்கும் என்பதை உரியவன் அறிவான். அதற்கு மேல் நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். பாரசீகத்திலிருந்து உருதுவிற்கு வந்த 'கஸ்' என்னும் சொல், துணி அளக்கும் கோலையும் துப்பாக்கியின் இடிகோலையும் ஒருங்கே குறிக்கும். நம் பேச்சில் உள்ள 'கெஜம்' அச்சொல்லின் வழிவந்ததே என்பது தமிழாசிரியர்க்குச் சுவை தரும் செய்தியாகும்.

கோல் செய்யும் முறை

ஒரு விரற்பருமன்கூட இல்லாத, 3 அடிக்கும் மேல் நீண்ட கோல் ஓங்கி இடிக்கும்போது ஒடியாதிருக்க வேண்டும். இதற்குரிய மறைபொருள் மரத்தின் நாரோட்டத்தில் உள்ளது. வாளால் அறுத்த மரத்தில் வாள் நேராகச் செல்லும். நார் நேராகச் செல்லாது. நார் கோலின் பக்கவாட்டில் வெளியேறும் இடத்தில் கோல் சாய்வாகப் பிளந்து முறியும். அந்தக் கூர்முனை இடித்த கையையே குத்திக் கிழிக்கும். ஆதலின் தேர்ந்த தொழிலாளர் மரத்தை அறுப்பதில்லை. ஆப்பு வைத்துப் பிளப்பர். பிளவு நாரின் வழியே செல்வதால், நுனி முதல் அடிவரை அறுபடாத நார் கிடைக்கும். அமெரிக்காவில் ஹிக்கரி மரம் இதற்குப் பெயர் பெற்றது. வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. பிளந்த துண்டை நன்கு உலர்த்தி, கத்தியால் சீவி உருட்டி, எண்ணெய் பூசுவர்.

கோலைப் பொருத்துவது அதனினும் நுட்பமானது. துப்பாக்கிக் கட்டையின் அடிப்புறத்தில் காடி எடுத்துக் கோலைத் தாங்கும் பித்தளைப் பூண்களை அமைப்பர். காடி முடியும் இடத்திலிருந்து நீண்ட துரப்பணத்தால் கட்டையின் உள்ளே துளையிடுவர். துளைக்கும் குழலுக்கும் இடையே எஞ்சுவது மெல்லிய மரச்சுவரே. துரப்பணம் மேலே விலகினால் குழலின் படுகை கெடும். கீழே விலகினால் கட்டையின் வெளிப்புறம் ஓட்டையாகும். கோல் தளர்வாக இருந்தால் நழுவி வீழும். இறுக்கமாக இருந்தால் ஈரத்தில் பருத்து வெளிவர மறுக்கும். இரண்டிற்கும் நடுவே நிற்பதே தொழில்.

இரும்பும் மரமும்

ஐரோப்பியப் படைகள் மரக்கோலை விரைவில் கைவிட்டன. பிரஷ்ய நாட்டுத் தளபதி லியோபோல்டு இரும்புக் கோலைப் புகுத்தினார். 1718 அளவில் அது பிரஷ்யப் படை முழுவதும் பரவியது. 1741 ஏப்ரல் 10ஆம் நாள் நிகழ்ந்த மால்விட்ஸ் போரில், ஒடியுமோ என்னும் அச்சமின்றி விரைந்து கெட்டித்த பிரஷ்யக் காலாட்படையின் தொடர்ச் சூடு ஆஸ்திரியப் படையைப் பின்வாங்கச் செய்தது. பிற நாடுகளும் அவ்வழியே சென்றன.

எனினும் வாணிகத் துப்பாக்கியில் மரக்கோலே நிலைத்தது. மரக்கோலின் செலவு குறைவு என்பது விற்போர் கணக்கு. நாள் முழுதும் பனியில் நடக்கும் வேட்டுவனுக்கோ எடை குறைவதே நலம். போர்வீரன் நிமிடக்கணக்கில் சுட வேண்டியவன். வேட்டுவன் ஒரே குண்டுக்காக நாள் முழுதும் காத்திருப்பவன். இருவர் தேவையும் ஒன்றன்று.

வேட்டுவன் கையில்

கோல் ஒடிந்தால் துப்பாக்கி இருந்தும் பயனில்லை. கோட்டையோ பல நாள் பயணத் தொலைவில் இருக்கும். அங்குள்ள கொல்லரை நாடிச் சென்று திரும்பும்வரை குடும்பத்தின் பசி காத்திராது. ஆனால் இங்கேதான் மரக்கோலின் பெருமை விளங்குகிறது. குழலையும் விசைப்பொறியையும் காட்டில் ஆக்க முடியாது; மருந்தும் ஈயமும் கப்பலில் வந்தாக வேண்டும். கோலை மட்டும் வேட்டுவன் தானே செய்துகொள்ளலாம். பனிமிதி சட்டத்தையும் படகின் விலாச்சட்டத்தையும் தலைமுறை தலைமுறையாக மரம் பிளந்து வளைத்துச் செய்த கைகள் அவை. நாரோட்டம் பார்க்க அக்கைகளுக்கு ஆசான் வேண்டியதில்லை.

சமவெளியில் குதிரைமீதமர்ந்து காட்டெருமை வேட்டையாடியோர் கோலையே விட்டொழித்ததும் உண்டு. குண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஓடும் குதிரைமீதே மருந்தைக் கொட்டி, ஈரக்குண்டைக் குழலில் உமிழ்ந்து, கட்டையைச் சேணத்தில் தட்டி இறக்கிச் சுட்டனர். விரைவு கிட்டியது, ஆனால் குண்டு சரிவர இறங்காத வேளைகளில் குழல் வெடித்து விரல்களை இழந்தோரும் உண்டு. கோலின் அருமையை அதன் இன்மையே உணர்த்தியது.

முடிவாக

1870இல் ஹட்சன் பே கம்பெனியின் ஆட்சிநிலம் கனடாவின் உரிமையாயிற்று. பின்புறம் கெட்டிக்கும் துப்பாக்கிகள் பரவவே இடிகோலின் தேவையும் குறைந்தது. இன்று பழைய முறையில் துப்பாக்கி செய்து பார்க்கும் ஆர்வலர்களும் பிளந்த ஹிக்கரியையே விரும்பித் தேடுகின்றனர்.

அயலார் கருவி ஒரு மக்களிடம் வந்து சேரும்போது, அம்மக்கள் அக்கருவிக்கு அடிமையாகினர் என்று எழுதிவிடுவது எளிது. மருந்துக்கும் ஈயத்திற்கும் அவர்கள் வணிகரைச் சார்ந்திருந்தது உண்மையே. ஆயினும் அதே துப்பாக்கியின் ஓர் உறுப்பு அவர்தம் காட்டிலேயே விளைந்தது. அவர்தம் அறிவினாலேயே உருப்பெற்றது. சார்பும் தற்சார்பும் ஒரே கருவிக்குள் அருகருகே இருந்தன. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் குழலைக் காட்டும்போது, அதன் அடியில் செருகிய கோலையும் உருவிக் காட்டுவாராக. மாணவர் கேட்கும் வினாக்கள் அதன்பின் வேறாக இருக்கும்.