தலைப்பெழுத்தில் இருக்கும் ஊர்

மைசூர்த் தமிழர்களிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால், "அப்பா பொறந்ததே இங்கதான், தாத்தா சேலம் பக்கம்னு சொல்வாங்க" என்ற பதிலே பெரும்பாலும் வரும். என் பதிலும் நெடுநாள் அதுதான்.

என் தாத்தா கண்ணம்பாடி அணை வேலைக்கு வந்தவர். 1911இல் தொடங்கிய அந்த வேலை முடிந்த பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் பெயருக்கு முன் இரண்டு தலைப்பெழுத்துகள் உண்டு. இரண்டாவது தகப்பனார் பெயர். முதலாவது ஊர். பள்ளிச் சான்றிதழில் அது ஆங்கில எழுத்தாகி வெறும் 'பி' என்று நின்றுவிட்டது. பென்னாகரமா, பாலக்கோடா, பாப்பாரப்பட்டியா, பெரும்பாலையா? நான்குமே இன்றைய தருமபுரி மாவட்டத்தில் உள்ளன. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொன்னபோது என் மகன், "தெரியாத எழுத்து எதுக்குப்பா? எடுத்துடலாமே" என்றான்.

எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. முதலாம் இராசராசன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த அதிகாரியைக் கல்வெட்டு 'பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியன்' என்று குறிக்கிறது. முதலில் ஊர்ப்பகுதி, அடுத்துத் தந்தை பெயர், கடைசியில் தன் பெயர். இன்று இருந்தால் அவர் 'பொ. ஆ. சூரியன்' என்று கையெழுத்துப் போட்டிருப்பார்! நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, டோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். அக்காலச் சமூகத்தை அறிய அப்பெயர்களே சான்றாயின. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகையிலிருந்து நம் மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021இல் உயர்நீதிமன்றம் உத்தரவிடும் வரை, ஆயிரமாண்டுத் தமிழ்ப் பெயர்கள் நம் ஊரிலேதான் இருந்தன. நாமோ மூன்று தலைமுறைப் பெயரைத் தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

விடை என் பெரிய அத்தையின் தகரப் பெட்டியில் கிடைத்தது. தாத்தா தன் பங்குப் புஞ்சையை விற்றபோது எழுதிய கிரையப் பத்திரத்தின் நகல் அது. தமிழ் படிக்கத் தெரியாத மகனுக்கு நான் வாசித்துக் காட்டினேன். 'சேலம் ஜில்லா பெரும்பாலை கிராமத்திலிருக்கும்' என்று தொடங்கி, இன்னார் குமாரன் இன்னார் என்று போகிறது. கல்வெட்டில் கண்ட அதே வரிசை! ஊர் தெரிந்ததோடு கொள்ளுத்தாத்தாவின் பெயரும் தெரிந்தது.

தேடுவோருக்கு இரண்டு செய்திகள். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். அதற்கு முந்தைய பத்திரங்களில் சேலம் ஜில்லா என்றே இருக்கும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கமாதலால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்; தந்தை பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் எவர் என்று புரியும்.

மறு வருடமே அத்தை காலமானார். வீட்டைக் காலி செய்தபோது பழைய தாள்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நாங்கள் ஒரு வருடம் தாமதித்திருந்தால் பத்திரமும் அதோடு போயிருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பொங்கலுக்குள் கேட்டு, ஊர்ப் பெயரையும் மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் கன்னடத்திலும் எழுதுங்கள்.