முத்தாம்பாள் சத்திரமும் கடல் கடந்த அடியார்களும்

தஞ்சையினின்று தெற்கு நோக்கிப் பட்டுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது ஒரத்தநாடு. முத்தாம்பாள்புரம் என்பது இவ்வூருக்கு வழங்கிய மற்றொரு பெயர். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக 1802ஆம் ஆண்டில் இங்கு ஒரு சத்திரம் எடுத்தார். இராமேசுவர யாத்திரை செல்வோர் தங்கி இளைப்பாறுதற்கென எழுந்தது அது. வடநாட்டினின்று கங்கை நீரைச் சுமந்து மாதக் கணக்கில் நடந்து வந்த யாத்திரிகர்களுக்கு இவ்வழியில் உறவினர் இல்லை; பேசும் மொழியும் வேறு. அவர்களுக்குச் சத்திரமே தாய்வீடாயிற்று.

அக்காலத்துச் சத்திர தருமம் எத்தகையது என்பதைச் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியின் தஞ்சை ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தால் அறியலாம். நாடு கம்பெனியார் கைக்குச் சென்றுவிட்ட பின்னரும், சத்திரங்களேனும் பழைய முறை கெடாது நடைபெறல் வேண்டும் என்பதே மன்னர் கவலை. அந்தணர் முதலாக ஒதுக்கப்பட்ட வகுப்பினர் ஈறாக வந்தவர் எல்லார்க்கும் அங்கு அன்னம் உண்டு. நோயுற்று வந்தவர் குணமாகும் வரை தங்கலாம்; பிணிக்கும் பாம்புக் கடிக்கும் மருத்துவர் இருந்தனர். கருவுற்ற மகளிர்க்குத் தனிக் கவனிப்பு, குழந்தைகட்குப் பால். வழிநடையில் இறந்தார்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன். இவற்றினும் மேலானது ஒன்று உண்டு: சத்திரத்திற்கு வந்த அயலூரார் இறந்து, அவர் பிள்ளை அனாதையாக நின்றுவிட்டால், அப்பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்புவித்து, உணவும் கல்வியும் அளித்து வளர்த்தனர். யாத்திரை என்பது தலங்களைக் காண்பது மாத்திரமன்று; வழியில் ஏற்பட்ட துன்பத்தைப் பிறர் தாங்கிய வரலாறும் அதனுள் அடங்கும்.

அயலார்க்கு அன்னமிட்ட இந்நாட்டு மக்களே பின்னர் அயலகம் சென்று அயலாராயினர். ஒரத்தநாட்டுப் பகுதி பழைய காவிரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலம். மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாயில் 1934இல் நீர் வரும்வரை மழையையும் ஏரியையுமே இது நம்பியிருந்தது. வானம் பொய்த்தால் நாகப்பட்டினத்துக் கப்பலே கதி. தஞ்சை மாவட்டத்தார் மலேயாத் தோட்டங்களுக்கும் பினாங்கு, சிங்கப்பூர் நகரங்களுக்கும் இவ்வாறே சென்றனர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலை அறியாத முதியோர் ஒரு காலத்தில் இங்கு அரியர். ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. பெரும்பாலோர்க்கு மேல்தட்டே படுக்கை. நாகையில் கப்பல் கரையணைய இயலாது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; பெட்டியும் பாயும் குழந்தையுமாகப் படகிற் சென்று ஏற வேண்டும்.

இக்கடல்வழி நேற்றுத் திறந்ததன்று. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னர் நாகையில் சூடாமணி விகாரம் எடுக்க, சோழன் அதற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். அது பௌத்தப் பள்ளி. ஆயினும் அம்மன்னரின் முகவராக நாகையில் இருந்தோர், அவ்வூர்க் காயாரோகணப் பெருமானுக்கும் அணிகலன்கள் அளித்ததை இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பிழைப்பின் பொருட்டு வேற்று நாட்டில் தங்கியவர், தங்கிய ஊரின் தெய்வத்தையும் தம் தெய்வமாகப் போற்றினர் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

சென்ற தமிழரும் அவ்வாறே செய்தனர். 1827இல் நாராயண பிள்ளை சிங்கப்பூரில் நிறுவிய மாரியம்மன் கோயிலில் முதலில் வழிபட்டோருள் நாகை, கடலூர்ப் பகுதியினர் மிகுதி. தோட்டந்தோறும் மாரியம்மனும் முனீசுவரரும் எழுந்தருளினர். ஊர் திரும்பக் காசில்லாதவர்க்கு அந்தச் சிறு கொட்டகையே சமயபுரமும் வைத்தீசுவரன் கோயிலும் ஆயிற்று. 1942 முதல் போர்க்காலத்தில் கப்பலும் நின்றது. சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட தமிழர் எத்துணையோ பேர். நேர்ந்துகொண்ட காணிக்கை முடிந்த துணியோடே அவருள் பலர் மண்ணாகியிருப்பர்.

ரஜூலா 1973இல் ஓய்வு பெற்றது. அடுத்து வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்ததோடு கடல்வழியும் முடிந்தது. இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் விமானமேறுவோர் நான்கு மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளியில் இறங்குகின்றனர். தஞ்சைப் பெரிய கோயில், திருவாரூர், சிதம்பரம், அறுபதாம் ஆண்டு நிறைவுக்குத் திருக்கடவூர் என அவர்தம் யாத்திரை விரிகிறது. கோபுரத் திருப்பணிக்கும் கும்பாபிஷேகத்திற்கும் அவர்கள் மனமுவந்து ஈகின்றனர். கல்லில் பெயர் பொறிக்கும் தருமத்திற்கு இக்காலத்தில் குறைவில்லை. வந்தவர் தங்க ஓர் அறையும், வயிறார ஒரு வேளைச் சோறும் அளிக்கும் தருமத்திற்கே கைகள் குறைவு.

இவ்வாறு வருவோருள் நான்காம் தலைமுறையினர் பலர்க்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரும். சங்கற்பத்தின்போது அருச்சகர் நட்சத்திரம் கேட்டால் உடனே சொல்லுவர். ஊர் எது என்றால் தயங்குவர். பாட்டனார் கடிதத்திலோ பழைய கடவுச்சீட்டிலோ 'ஒரத்தநாடு, தஞ்சாவூர் ஜில்லா' என்ற அளவில் இருக்கும். கிராமத்தின் பெயர் இராது. அத்தகையோர்க்குப் பெருங்கோயில்கள் வழிகாட்டுவதில்லை, குலதெய்வமே வழிகாட்டுகிறது. ஏரிக்கரையில் புளியமரத்தடியில் இன்ன பெயருடைய சாமி, மாசி மாதத்தில் பொங்கல் என்று பாட்டி சொன்ன ஒரு குறிப்பைக் கொண்டு ஊர் ஊராக விசாரித்து வருவார். டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் குறிப்பைக் கேட்டு, முகத்தை உற்று நோக்கி, "கப்பலுக்குப் போனாரே, அவர் வீட்டுப் பிள்ளையா?" என்பார். பின்பு செருப்பை மாட்டிக்கொண்டு தாமே முன்நடந்து, வரப்பின் வழியே அச்சாமியிடம் அழைத்துச் செல்வார்.