படுத்தலோசையும் பெர்மிட்டும்: பெயர், வினை வேறுபாட்டில் ஓசையின் பங்கு

தொல்காப்பியச் சொல்லதிகார உரைகளில், சிறப்பாகச் சேனாவரையத்தில், ஒரு குறிப்பு வருகிறது. வினைமுற்றாக நிற்கும் சொல்லையே படுத்தலோசையால், அதாவது தாழ்ந்த ஓசையால், சொன்னால் அது பெயராகும் என்பது அதன் சாரம். ‘வந்தான்’ என்பதை எடுத்துச் சொன்னால் வினை. படுத்துச் சொன்னால் ‘வந்தவன்’ என்று பொருள்தரும் பெயர். எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. இக்குறிப்பை வடமொழியின் உதாத்த (உயர்ந்த ஓசை), அனுதாத்த (தாழ்ந்த ஓசை) கொள்கையின் நிழல் என்று ஒதுக்குவது ஆய்வுலகில் ஒரு சாராரின் வழக்கம். தமிழில் சொல்லழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை; ஆதலால் உரையாசிரியர்கள் காதால் கேட்டதை எழுதவில்லை, ஏட்டில் படித்ததையே எழுதினார்கள் என்பது அவர்கள் முடிவு. அம்முடிவு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இக்கேள்வி எனக்கு எழுந்த இடம் நூலகமன்று. திருச்சி எடமலைப்பட்டி புதூரில், ஒரு மாடியறையில் நடந்த மாலைநேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் எழுந்தது. பலகையில் ‘பெர்மிட்’ என்ற சொல் இருந்தது. அனுமதிச்சீட்டு என்று பெயராக வந்தால் முதலசையில் அழுத்தம், அனுமதி கொடு என்று வினையாக வந்தால் இரண்டாமசையில் அழுத்தம் என்று விளக்கிய ஆசிரியர், அழுத்தம் விழும் அசையில் மேசையைத் தட்டினார். மாணவர்கள் அந்த அசையில் சத்தத்தைக் கூட்டினார்கள். சத்தம் கூடியதே தவிரச் சுருதி அசையவில்லை. இரண்டு ‘பெர்மிட்’டும் ஒன்றாகவே கேட்டன. நான் ஒரு மாணவியிடம், “சத்தம் வேண்டாம்மா, ‘மிட்’டை மட்டும் கொஞ்சம் மேலே எடுத்துச் சொல்லுங்க” என்றேன். அடுத்த முறை வினை வினையாகவே கேட்டது. ‘எடுத்துச் சொல்லுங்க’ என்று நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்த சொல் அது. ஒரு வகுப்பறை நிகழ்ச்சி எதையும் நிறுவாது. ஆனால், எடுத்தல் என்ற சொல்லை உரையாசிரியர்கள் எந்தப் பொருளில் ஆண்டார்கள் என்று மீண்டும் பார்க்க அது என்னைத் தூண்டியது.

ஆங்கில அழுத்தம் மூச்சு வலிமை, தமிழுரைகள் சொல்வது குரலின் ஏற்றத்தாழ்வு, இரண்டும் வேறு இனம் என்பது முதல் தடை. இதற்கு ஒலியியல் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. ஒலியியலறிஞர் டென்னிஸ் ஃபிரை 1955இலும் 1958இலும் வெளியிட்ட ஆய்வுகளில் ‘பெர்மிட்’ போன்ற பெயர்-வினை இணைகளையே எடுத்துக்கொண்டார். கேட்பவர் அழுத்தத்தை இனங்காண ஒலியின் உரப்பைவிட அசையின் நீளம் அதிகம் உதவுகிறது என்றும், சுருதி மாற்றம் மிகவும் வலுவான குறிப்பு என்றும் அவை காட்டின. அப்படியானால் மேசையைத் தட்டுவது ஆங்கிலத்துக்கே பொருந்தாத முறை. எடுத்தல், படுத்தல் என்ற சொற்களோ நேராகச் சுருதியைத் தொடுகின்றன. நீளத்தைச் சொல்ல உரையாசிரியர்களிடம் மாத்திரை, நீட்டல், அளபெடை என்று தனிச்சொற்கள் இருந்தன. இவ்விடத்தில் அவற்றை அவர்கள் ஆளவில்லை.

இனி முதன்மையான சிக்கல், கடன் வாங்கியது என்ற வாதம். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நன்னூல் எழுத்தொலிக்குச் சொல்லும் மூன்றும் உதாத்தம், அனுதாத்தம், இரண்டும் கலந்த சுவரிதம் என்ற மூன்றோடு முறையே ஒத்துப்போகின்றன. வேதம் ஓதும் ஓசையை உரையாசிரியர்கள் கேட்டிருப்பார்கள் என்பதிலும் ஐயமில்லை. திருவரங்கத்துக் கோயிலில் அவ்வோசை இன்றும் ஒலிக்கிறது. கலைச்சொற்கள் அந்தச் சூழலில் உருவாகியிருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் சொல்லைக் கடன் வாங்குவது வேறு, விதியைக் கடன் வாங்குவது வேறு.

விதியை ஒப்பிட்டால் நிலைமை தலைகீழாகிறது. பாணினியின் அட்டாத்தியாயி 8.1.28, வினையல்லாத சொல்லுக்குப் பின் வரும் வினைமுற்று உதாத்தத்தை இழக்கும் என்கிறது. அதாவது வேதமொழியின் முதன்மை வாக்கியத்தில் பெயர் எடுத்தலைப் பெறும், வினை பொதுவாகப் படுத்தலைப் பெறும். தமிழுரைகளிலோ வினை எடுத்தல், பெயர் படுத்தல். படியெடுப்பவர் எழுத்தைத் தவறவிடலாம். விதியின் இரு பக்கத்தையும் இடம் மாற்றி வைத்து, அதைப் பல இடங்களில் பிறழாமல் பின்பற்றுவது படியெடுப்பில் நிகழக்கூடியதன்று. பெயர், வினையைப் பிரிக்குமிடத்தில் நலிதலுக்கு வேலையே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாக வந்த கொள்கை இங்கே இரண்டாக நிற்கிறது. ஒரு மொழியைக் கேட்டு எழுதியவர்களுக்கே அது தேவைப்பட்டிருக்கும்.

இன்றைய பேச்சில் வாக்கியத்தின் இறுதியில் வரும் வினையில் குரல் இறங்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். வாக்கியம் முடிவதைக் காட்டும் இறக்கம் வேறு, சொல்லின் வகையைக் காட்டும் ஓசை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தடை இது. அப்படியானால் அந்த ஓசை இன்று ஏன் கேட்கவில்லை என்பதே பொருட்படுத்த வேண்டிய கேள்வி. வந்தான் என்பதைப் பெயராக இன்று யாரும் பேசுவதில்லை, வந்தவன் என்கிறோம். ஓசை செய்த வேலையை விகுதி ஏற்றுக்கொண்டது. வேலை போனபின் ஓசை மறைந்ததில் வியப்பில்லை. அதனால் அது என்றுமே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது.

தமிழ் ஏன் நீளத்தை விட்டுச் சுருதியை நாடியது என்பதற்கும் காரணம் உண்டு. திருச்சியில் புத்தூரும் இருக்கிறது, புதூரும் இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது தகர மெய்யின் இரட்டிப்பு மட்டுமே. அதில் சற்றுத் தவறினால் புதூர் போகிறவர் புத்தூர் நால்ரோட்டில் இறங்க நேரும். குறில், நெடில், ஒற்றிரட்டல் என்று காலஅளவு முழுவதையும் எழுத்து வேறுபாட்டுக்கே செலவிட்ட மொழி இது. அழுத்தத்துக்காக ஓர் அசையை நீட்டினால் வேறு சொல்லாகிவிடும். சுருதிக்கு அந்தக் கட்டு இல்லை. எந்தப் புதூர் என்று ஐயம் வந்தால், “எடமலைப்பட்டி புதூரா?” என்று முதற்சொல்லை மேலே எடுத்துத்தான் கேட்கிறோம். ஆங்கிலத்திலும் ‘வைட் ஹவுஸ்’ என்ற தொடரில் முதற்சொல்லை எடுத்தால் அமெரிக்க அதிபரின் மாளிகை. ‘ஹவுஸ்’ எடுப்பாக நின்றால் வெள்ளையடித்த ஏதோ ஒரு வீடு. எடுப்பு எந்தச் சொல்லில் நிற்கிறது என்பதே இரண்டிலும் கேட்பவருக்கு வழிகாட்டுகிறது.

என் வாதத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் எந்த அசை உயர்கிறது என்பது முக்கியம். தமிழுரைகள் அசையைக் குறிக்காமல் சொல்லையே குறிக்கின்றன. ஆகவே இரண்டும் ஒரே அமைப்பு என்று நான் சொல்லவில்லை. ஓசையின் ஏற்ற இறக்கம் ஒரே எழுத்துக்கோவையைப் பெயராகவும் வினையாகவும் பிரிக்கும் என்று தமிழிலக்கணம் கண்டு எழுதி வைத்திருக்கிறது என்பதே என் துணிபு.

இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்குப் புரியாமல் போவதற்கு அழுத்தம் இடம் மாறி விழுவது ஒரு முக்கியக் காரணம் என்று ஒலியியலறிஞர் ஆர். கே. பன்சால் 1969இலேயே எழுதினார். அன்றுமுதல் அழுத்தத்தை நம் காதுக்குப் புதிய சரக்காகவே கற்பித்து வருகிறோம். புதூர் மாடியறையில் அந்த மாணவிக்கு நான் புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை. சத்தத்தைக் குறைத்து எடுத்துச் சொல்லச் சொன்னேன், அவ்வளவே. எடுத்துச் சொல்வது எப்படி என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.