ஆள் தெரியாத மதுரை

சென்னை அரசாங்கம் 1856-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயக் கேப்டனைத் தன் புகைப்படக்காரராக அமர்த்திற்று. 1858-இல் அவர் மதுரையைப் படம் பிடித்தார். திருமலை நாயக்கர் மகாலையும் புதுமண்டபத்தையும் அப்படங்களில் காணலாம். வகுப்பில் அவற்றைக் காட்டிய போதெல்லாம் மாணவர் என்னைக் கேட்ட முதற்கேள்வி, "ஊரில் யாருமே இல்லையா, ஐயா?" என்பதுதான்.

நல்ல கேள்வி! ஆளில்லாத வேளையை டிரைப் தேடியிருக்கவும் கூடும். ஆனால் அவர் பெரும்பாலும் கையாண்டது மெழுகு தோய்த்த தாள்; அது ஒளியை மிக மெல்ல ஏற்பது. பட்டப்பகலிலும் லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அசையாத தூண் பதியும். நடந்து போனவர் பதியார்.

இன்றைய கருவிகளோ நம் வெயிலில் நொடியின் சிறு பங்கிலேயே படம் எடுத்துவிடுகின்றன. அந்தப் பழைய நிதானம் வேண்டுவோர் லென்ஸின் முன் சாம்பல் நிறக் கண்ணாடி ஒன்றை மாட்டுகின்றனர். அது நிறத்தை மாற்றாது, ஒளியை மட்டும் குறைக்கும். பத்துப் படி குறைக்கும் கண்ணாடி ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடும். 1/60 நொடியில் முடியும் படத்துக்கு 17 நொடி ஆகும். அதற்குள் தெருவில் நடப்பவர் கரைந்து போவார்.

மகால் பழுதுபார்க்கப்பட்டது 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால். அதற்கு முன் அது சிதைந்து கிடந்த நிலைக்கு டிரைப்பின் படங்களை நம்பிச் சான்று காட்டலாம். அன்று அதன் வாயிலில் நடமாடியவர் எத்தனை பேர் என்று மட்டும் அவற்றைக் கேட்காதீர்கள்.