ஏலத்தில் விலைபோகாத பொற்காசுகள்

நாணய ஏலத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு காசுக்கும், அல்லது சேர்த்து விற்கப்படும் காசுகளுக்கும், ஓர் எண் தரப்படும். இதை லாட் என்பர். இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று உரிமையாளர் முன்கூட்டியே வைக்கும் விலை ரிசர்வ் விலை. கேட்கப்படும் விலை அதை எட்டாவிட்டால் லாட் விற்காமல் நின்றுவிடும். அப்படி நின்றவற்றை ஏலம் முடிந்தபின் சில நாள்கள் வரை, முன்பு குறித்த விலையிலேயே பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. அதற்கு மேல் வாங்குபவர் கமிஷனும் தரவேண்டும். 20 விழுக்காட்டை ஒட்டிய கமிஷன் இத்தொழிலில் சாதாரணம்.

ஒரு காசு ஏன் விலைபோகவில்லை? ரிசர்வ் விலை மிகுதியாக இருந்திருக்கலாம். ஒரே ஏலத்தில் அதே காசு நாலைந்து வந்திருக்கலாம். உண்மையானதா என்ற ஐயமும் காரணமாகலாம். பொற்காசுகளில் இன்னொரு காரணம் உண்டு: நகையில் இருந்த தடம். விளிம்பில் வளையம் பற்றவைத்த வடு, ஓட்டையிட்டு அடைத்த குறி, பளபளப்பாக்கித் தேய்த்த முகம் ஆகியவற்றைக் கண்டால் சேகரிப்போர் விலையைக் குறைத்துவிடுவார்கள். மிஞ்சுவது தங்கத்தின் எடைக்கு உரிய விலை மட்டும். அடுத்த இடம் பெரும்பாலும் உருக்கும் குகைதான்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது சிறிய செய்தி அல்ல. இங்கு வந்த அயல்நாட்டுப் பொற்காசுகள் எடை பார்த்து வாங்கப்பட்டன, கழுத்தில் அணியப்பட்டன. காசுமாலை என்ற பெயரே அதற்குச் சான்று. பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்றும் நகைக்கடையில் தங்கத்தைச் சவரன் என்றும் பவுன் என்றும்தான் கேட்கிறோம். சவரன் என்பது சாவரின் என்ற பிரித்தானியப் பொற்காசின் பெயர். பவுன் அதன் மதிப்பான பவுண்டிலிருந்து வந்தது. அக்காசின் எடை 7.988 கிராம், 22 காரட். அதில் உள்ள தூய தங்கம் 7.32 கிராம். கடைக்காரரின் 8 கிராம் கணக்கு இதிலிருந்து பிறந்ததே. காசு புழக்கத்தை விட்டுப் போய்விட்டது, எடை மட்டும் நின்றுவிட்டது.

இந்தப் பழக்கத்தின் பழமையைக் காட்டுவது புதுக்கோட்டைப் புதையல். 1898இல் அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவை அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர் காலத்தவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. நாணயமாகச் செல்லாது, தங்கமாகவே செல்லும் என்று காட்ட வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். கி.பி. 64இல் நீரோ தன் பொற்காசின் எடையைக் குறைத்தான். எடை பார்த்து வாங்கும் வணிகருக்கு அதற்கு முந்தைய கனத்த காசுகளே உகந்தவை. இப்புதையல் இன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏலக் கண்ணுக்கு அந்த வெட்டு ஒரு பழுது. அந்தக் காசு தமிழ் மண்ணில் எப்படி நடமாடியது என்பதற்கோ அதுவே எழுதப்பட்ட சாட்சி. வளையத் தடமும் அப்படிப்பட்டதே என்பது என் கருத்து.

பொருளின் விலை வரலாற்றின் விலையை வென்ற கதை அரியலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. முதலாம் இராசேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிற்கற்கள் 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் கீழணை கட்டப் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. கல் வெறும் கல்லாகவே கணக்கிடப்பட்டது. அருகே மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. உடைந்த ஓட்டை உருக்க முடியாது. அதனால் அது தப்பியது. கடல் வணிகத்தில் வந்த பொன்னுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டமும் எடையிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, நிலத்தில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தரும். ஏலக் கமிஷன் போலவே அதுவும் 20 விழுக்காடு! செயங்கொண்டம் பக்கம் வயலில் காசு கண்டவர் அதைத் தட்டாரிடம் கொண்டுபோக இந்தக் கணக்கே காரணமாகிவிடக் கூடும்.

வாங்க நினைப்பவர் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 100 ஆண்டு நிறைந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொழிலாக விற்க உரிமம் வேண்டும். 1918இல் மட்டும் பம்பாயில் அச்சான, ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்துக்குறி கொண்ட சாவரினும் 2018இல் இந்த வரம்புக்குள் வந்துவிட்டது. வெளிநாட்டு ஏலத்தில் நின்றுபோன காசை மலிவு என்று வரவழைப்பவர் முதலில் சுங்க வரியைக் கணக்கில் சேர்க்கட்டும். வந்தபின் அந்த ஏலத்துக்கே அதைத் திருப்பி அனுப்ப வழியில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். எடையைக் கிராமில் இரண்டு தசம இடம் வரை கேட்டு, விளிம்பின் படத்தைத் தனியே வாங்கிப் பார்ப்பது அடுத்த வேலை. வடு இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.